அவ வர்றதுக்குள்ள

ஆஸ்பத்திரியில் நம்மாள் ஒருத்தர் வேலை பார்த்தால் போதும், பாதி வியாதி வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று நம்புகிற தெரு எங்களுடையது. டெய்லர் மாஸ்டர் வீட்டுக்கு மருமகள் வந்த நாளிலிருந்து, யாருக்குத் தும்மல் வந்தாலும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. மாமியார்கூடக் கோபம் வந்தால், "இந்த சிஸ்டரம்மாவைப் பாரேன்" என்றுதான் ஆரம்பிப்பார். மாஸ்டர் மட்டும் "அம்மாடி" என்பார். அதுவும் எப்போதாவது. ஏனென்றால் அவர் பேசுவதே எப்போதாவதுதான்.

நான் பூட்டு ரிப்பேர்க்காரன். என் கடைக்கும் மாஸ்டர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நாள் முழுக்க நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவர் குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு "ம்" என்பார். அந்த "ம்"மை வைத்தே இத்தனை வருஷம் சிநேகிதம் ஓட்டியிருக்கிறோம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. சட்டை ஓரத்தைக் கிள்ளுவார், இல்லாத நூலை இழுப்பார். மகா கூச்சக்காரர். பெண்களுக்கு உடுப்பு தைப்பார், ஆனால் அளவு எடுக்க மாட்டார். மனைவியைக் கூப்பிட்டு டேப்பைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். "சுவருக்கா மாஸ்டர் அளவு எடுக்கிறீங்க?" என்று நான் கேலி பண்ணினால் அதற்கும் "ம்".

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வந்ததைப் பாருங்கள், அடிவயிற்றில் ஹெர்னியா. அதை எத்தனை நாள் மூடி மறைத்தாரோ தெரியாது. மிஷின் மிதிக்கும்போது இடது கையைத் தொடை இடுக்கில் அழுத்திக்கொண்டே மிதிப்பார், நான் ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன். சிஸ்டர்தான் ஒருநாள் அவர் மாடிப்படி இறங்குவதைக் கீழே நின்று பார்த்துவிட்டு, "மாமா, எங்க வலிக்குது?" என்று கேட்டாள். "வலியா? எனக்கா?" என்றார் மாஸ்டர். அதற்குள் முகம் வெளிறிவிட்டது. அவள் அவரிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிற அந்த மகன், அப்பாவைக் குழந்தைகளோடு குழந்தையாக வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஆபரேஷன் அவள் வேலை பார்க்கிற வார்டிலேயே அமைந்துபோனது. அங்கேதான் வந்தது முதல் சிக்கல்.

வார்டு இன்சார்ஜ் ஒரு பெரிய சிஸ்டர். குரல் கறார். அவர் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்தே சொன்னார். "இங்க ஒரு முறை இருக்கு. சொந்தக்காரங்களுக்கு நாங்க நர்ஸ் வேலை பார்க்கறதில்ல. இவரோட பெட்டுக்கு வேற சிஸ்டர் போட்டிருக்கேன். இவங்க மருமகளா வந்து பார்க்கலாம், பேசலாம். அவ்வளவுதான்."

மாஸ்டரின் மனைவிக்கு வந்ததே கோபம். உறவு இல்லை, ஆனால் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "இது என்ன கூத்து? வீட்டுல ஆளை வச்சிக்கிட்டு ஊரான் கையில ஒப்படைக்கணுமா? இதுக்கா எங்க மருமக இங்க வேலை பார்க்கறா?" என்றார்.

"அதுக்குத்தாம்மா முறை வச்சிருக்கோம்" என்றார் பெரிய சிஸ்டர்.

"அக்கா கேக்கறதுல என்னங்க தப்பு?" என்று நானும் என் பங்குக்கு எகிறினேன். எனக்கு அப்போது அந்தம்மாவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் பக்கத்திலேயே இருக்கும்போது யாராவது தெருக்கோடிக்குப் போய் ஆள் தேடுவார்களா?

மாஸ்டர் படுக்கையிலிருந்து ஒரே வார்த்தை சொன்னார். "அம்மாடியே பாக்கட்டும்."

அவ்வளவுதான். முறை காகிதத்தில் இருந்தது, நடப்பு வேறாக நடந்தது. அந்தப் பெட்டுக்குப் போட்டிருந்த நர்ஸ் வருவாள். மருமகள் தலையணை சரிசெய்து கொண்டிருப்பதைப் பார்த்ததும், "நீங்களே பார்த்துட்டீங்களா சிஸ்டர்? சரி சரி" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள். அவள் பார்த்துவிட்டாள் என்று இவளும், இவள் பார்ப்பாள் என்று அவளும் நினைத்துக்கொள்ள, உண்மையில் யார் எதைப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிஸ்டர் தன் வேலைக்கு நடுவில் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பாள்.

"மாமா, வலி இருக்கா?"

"இல்லம்மா."

"தண்ணி குடிச்சீங்களா?"

"ம்."

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

"ஆச்சு, ஆச்சு." இதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்ப்பார்.

அவளும் உடனே பேச்சை மாற்றிவிடுவாள். மாமனாரிடம் அதற்கு மேல் நின்று கேட்கிற விஷயமா அது? ஆச்சு என்று சொன்னபிறகு, எவ்வளவு ஆச்சு, எங்கே ஆச்சு என்றா கேட்க முடியும்? நான் மருமகளாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அக்கா கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் ஈரத் துணிகளைத் திணித்துத் திணித்து வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "தண்ணி கொட்டிடுச்சுப்பா, உனக்கென்ன?" என்று எரிந்து விழுந்தார். எனக்கென்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் கஞ்சி வாங்கிக்கொண்டு போனபோது மாஸ்டர் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். ஊசியும் இல்லை நூலும் இல்லை, கை மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. இடையிடையே இல்லாத நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பாரு, ஆஸ்பத்திரிக்கு வந்தும் தொழிலை விடமாட்டேங்குது" என்று அக்கா பெருமையாகச் சிரித்தார்.

"எனக்கும் ஒரு பேன்ட் தைச்சுக் குடுங்க மாஸ்டர், கூலி எவ்வளவு?" என்றேன் நான்.

"அவசரத் துணி. பேசாத" என்றார் அவர். என்னிடம் இல்லை, எதிரே நிற்கிற யாரோ கடைப்பையனிடம் பேசுகிற மாதிரி.

சிஸ்டர் வந்து பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. "மாமாவுக்கு எப்பவுமே இப்படித்தான் சின்ன மாமா. வீட்டுல டிவி பார்த்துக்கிட்டேகூட இப்படித்தான் கிள்ளிக்கிட்டு இருப்பார்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவரைத் தெரிந்த யாருக்குமே அதில் தப்பு தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் நிலைமை கைமீறிப் போய்விட்டது. மாஸ்டர் கத்த ஆரம்பித்தார். எங்கள் மாஸ்டர், வாயைத் திறந்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி! கடை தீப்பிடித்துவிட்டது என்றார். மிஷினை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றார். ட்ரிப்ஸ் குழாயைப் பிடித்து இழுத்தார், கையில் ரத்தம் வடிந்தது. காலைக் கீழே போட்டு இறங்கப் பார்த்தார். தையல் போட்ட வயிறு, விழுந்தால் என்ன ஆவது? நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். என் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "யாருய்யா நீ? கையை எடு" என்றார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து! எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மகன் தகவல் தெரிந்து வேனை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்ன ஆச்சு சித்தப்பா? காலையில நல்லாத்தானே இருந்தாரு?"

"எனக்கு ஒண்ணும் புரியலடா. மூளையில ஏதாச்சும்..."

"வாயைக் கழுவு" என்றார் அக்கா.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "கையைக் கட்டு முதல்ல. குழாயைப் புடுங்கிடுவாரு, விழுந்துடுவாரு. கட்டு!"

"கட்டக் கூடாதுங்க. சும்மா கட்ட முடியாது. மயக்க மருந்து கொடுத்தா வயசானவங்களுக்கு ரெண்டொரு நாள் இப்படி இருக்கும்..." என்றாள் சிஸ்டர். குரலில் நிச்சயமே இல்லை.

"இருக்குமா? இருக்கும்னா என்ன அர்த்தம்? நீதானே பார்த்துக்கறே? உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

அதற்குள் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்று சொன்னோம். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை, மருமகளை மட்டும் பார்த்தார். "கட்டறது அப்புறம். ஏன் இப்படி ஆனார்னு பார்க்காம கட்டினா, வாயைக் கட்டின மாதிரிதான். காலையிலிருந்து இவரை யாரு பார்த்தது?"

சிஸ்டர் அந்தப் பெட்டுக்குப் போட்டிருந்த நர்ஸைப் பார்த்தாள். அந்த நர்ஸ் இவளைப் பார்த்தாள்.

"சரி. டாக்டரை நான் கூப்பிடறேன். எல்லாரும் வெளியில போங்க. சத்தம் கேக்கக் கேக்க இவருக்கு இன்னும் பயம் ஜாஸ்தியாகும். நீங்க" என்று என்னைக் காட்டி, "அந்தக் கையைப் பிடிச்சிருக்கீங்கல்ல, அப்படியே இருங்க. அழுத்தாதீங்க, சும்மா பிடிச்சுக்கங்க. சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் கூட நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டர் பச்சை ஸ்கிரீனை இழுத்துவிட்டாள். உள்ளே நாங்கள் மூன்று பேர். சத்தம் அடங்கியதும் மாஸ்டரும் கொஞ்சம் அடங்கினார். மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. கண் அங்குமிங்கும் ஓடி, அவள் மேல் போய் நின்றது. வெள்ளைக் கோட்டு, தொப்பி, மாஸ்க்.

"சிஸ்டர்" என்றார். "இங்க வாம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளும் அதைக் கவனித்துவிட்டாள். மாஸ்க்கைக் கீழே இறக்கக் கை போனது, பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கய்யா" என்று குனிந்தாள்.

அவர் அவள் கோட்டுக் காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "யாரு தைச்சது?"

"எங்க மாமனார்."

"நல்லா உக்காந்திருக்கு. விவரமான ஆளுதான்."

வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"என் மருமகளும் நர்ஸுதான். இங்கதான் வேலை. அவளைத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"வந்துட்டுப் போயிட்டாளா?"

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னும் வரலைங்கய்யா" என்றாள்.

"அப்படின்னா சீக்கிரம். அவ வர்றதுக்குள்ள இந்தத் துணியை மாத்திடும்மா. நனைஞ்சு கிடக்கு. அவ பாத்துடுவா."

"மாத்திடறேன். வேற என்ன செய்யுது உங்களுக்கு?"

"வயிறு வெடிக்குது. ஒண்ணுக்கு வரவே மாட்டேங்குது. சொட்டுச் சொட்டாத் துணியில போவுது, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணதுல இருந்து இதே எழவுதான்." மாஸ்டர் குரல் கம்மிவிட்டது. "அவ வந்து வந்து கேட்டா. ஆச்சு ஆச்சுன்னுட்டேன். மருமககிட்ட எப்படிம்மா அதெல்லாம் பேசறது? நாளைக்கு வீட்டுல அவ கையால சோறு வாங்கித் திங்க வேணாமா நானு?"

"என்கிட்ட சொல்லலாமா?"

"உன்கிட்ட என்ன? நீ நர்ஸு" என்றார் மாஸ்டர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

சிஸ்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்கியது. ஆனால் குரல் மட்டும் அப்படியே இருந்தது. எப்படி வைத்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. "வயித்தைத் தொட்டுப் பார்க்கட்டுமா?"

"பாரு. ஆனா அவகிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தையலுக்குப் படாமல், தொப்புளுக்குக் கீழே வைத்தாள். வைத்ததும் முகம் மாறிவிட்டது. ஸ்கிரீனை விலக்கிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரும் பெரிய சிஸ்டரும் வந்தார்கள். மருமகள் உள்ளே வரவில்லை. "நான் வெளியில நிக்கறேன் மேடம், அவர் மருமக பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள். டியூப் போட்டார்கள். பை நிறைந்தது, மாற்றினார்கள், அதுவும் நிறைந்துகொண்டே இருந்தது. ஒரு மனுஷன் வயிற்றில் இவ்வளவையா அடக்கி வைத்திருந்தான் என்று எனக்கு மலைப்பாகிவிட்டது. வெறும் கூச்சத்தால்! மாஸ்டரின் நெற்றி தளர்ந்தது, கை தையலை நிறுத்தியது, கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். மூத்திரம் கட்டிக்கொண்டாலே வயசானவர்களுக்குப் புத்தி இப்படித் தடுமாறுவது உண்டு என்றார் டாக்டர். துணி நனைவதைப் பார்த்து, மூத்திரம் போகிறது என்று நினைத்துவிடுவார்களாம், நிரம்பி வழிவதுதானாம் அது. அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்த பையைப் பார்த்தார், அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் மகன் மனைவியைப் பிடித்துக்கொண்டான். "எப்படிக் கண்டுபிடிச்சே? அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"சரியாயிடுவாருங்க."

"அதை நான் கேக்கல. என்ன சொன்னாரு?"

"அதை நான் சொல்ல முடியாது."

"ஏய், அவர் என் அப்பா!"

"உங்க அப்பாதான். ஆனா மகன்கிட்டயோ மருமககிட்டயோ சொல்லல. நர்ஸ்கிட்ட சொன்னாரு."

"நீதானே நர்ஸு? நீதானே மருமக? என்ன பேசறே நீ?"

"எனக்கும் புரியலங்க" என்று சொல்லி அவள் விம்மி விம்மி அழுதாள். அவன் பாவம், திட்டுவதா தேற்றுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

பெரிய சிஸ்டர் வந்து அவளைத் தன் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். யாரும் கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை.

"காலையிலயே வயித்தைத் தொட்டுப் பார்த்திருக்கணும்ல?" என்றார்.

"ஆமாம் மேடம்."

"வேற எந்தப் பேஷன்டா இருந்தாலும் பார்த்திருப்பீங்க."

"பார்த்திருப்பேன். மாமா வாயைத் திறந்து பொய் சொல்லி நான் கேட்டதில்ல. போர்வையைக் கிள்ளினதும் அவர் பழக்கம்னு விட்டுட்டேன். அதையும் ரிப்போர்ட்ல எழுதணும் மேடம், நான் பார்க்காம விட்டதை. நானே எழுதறேன்."

"எழுதுங்க. என் மேலயும் எழுதணும். முறை சொன்னேனே ஒழிய அதைக் கட்டிக் காக்கல." பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முதல் தடவையாக அந்தம்மா முகத்தில் களைப்பைப் பார்த்தேன். "நாளையிலிருந்து நீங்க வேற வார்டு."

"சரி மேடம். இன்னொண்ணு. அவர் தெளிஞ்சதும் நான் என்ன சொல்லணும்? மருமககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். அந்த சிஸ்டர் நான்தான்னு சொன்னா, சத்தியம் போச்சு. சொல்லாம இருந்தா பேஷன்டை ஏமாத்தின மாதிரி."

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், இத்தனை கறாரான பொம்பளை, இதற்கும் ஒரு முறை வைத்திருப்பார் என்று. "பேஷன்ட் நம்பிச் சொன்னதை வெளியில விடக் கூடாது. பேஷன்டுக்குப் பொய்யும் சொல்லக் கூடாது. ரெண்டையும் நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். "ரெண்டும் ஒரே கட்டில்ல வந்து படுத்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

மாஸ்டர் தெளிய ஒரு நாளைக்கு மேல் ஆயிற்று. முதலில் என்னைத்தான் பார்த்தார். "கடையைத் திறக்கலியாப்பா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லி மாளாது. டியூப்பையும் பையையும் பார்த்து முகம் சுளித்தார். நடந்ததில் எது நினைவிருந்தது, எது இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்களும் கிளறவில்லை.

விசிட்டர் நேரத்தில் சிஸ்டர் வந்தாள். யூனிஃபார்ம் இல்லை, மாஸ்க் இல்லை, வீட்டு உடுப்பில், கையில் சாப்பாட்டு டப்பாவோடு. அவளைப் பார்த்ததும் மாஸ்டர் போர்வையை இழுத்துப் பையை மூடினார். அவள் அதைப் பார்க்காத மாதிரி டப்பாவைத் திறந்தாள்.

"அம்மாடி."

"சொல்லுங்க மாமா."

"நேத்தோ முந்தாநேத்தோ... ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அப்ப ஒரு சிஸ்டர் வந்துச்சு. உன் உசரம்தான் இருக்கும். நல்ல பொண்ணு. அது இல்லன்னா நான் போயே சேர்ந்திருப்பேன்."

அவள் டப்பா மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் இருமினேன். வேறு என்ன செய்ய?

"பேரைக் கேக்கல. பார்த்தீன்னா நான் நன்றி சொன்னேன்னு சொல்லிடு."

"சொல்லிடறேன் மாமா."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாஸ்டர் வீட்டுக்கு வந்து, டியூப் எடுத்து, மெதுவாக நடமாட ஆரம்பித்த பிறகும் அவருக்கு அந்த நினைப்பு போகவில்லை. நான் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், சிஸ்டர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மாடி, அந்த சிஸ்டர்கிட்ட சொன்னியா?"

அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "சொன்னேன் மாமா."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல மாமா. அழுதுடுச்சு."

மாஸ்டர் ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நன்றி சொன்னதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?" என்றார். "வேணாம்னு சொல்லும்மா அதுகிட்ட. அழ வேணாம்னு சொல்லு."